இலுப்பைப்பூ அம்பாசிடர்

பழைய கார் என்று பேச்செடுத்தாலே ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "அம்பாசிடர் மாதிரி வருமா? அது ராஜா! மாருதி 800 எல்லாம் தகர டப்பா!"

குடும்பமே ஏறி உட்காரலாம், எந்தப் பள்ளத்திலும் இறங்கி ஏறும், ரோட்டோர மெக்கானிக்கே ஒரு ஸ்பேனரை வைத்துச் சரிசெய்துவிடுவார்... எல்லாம் உண்மை. ஆனால் அந்த ராஜா யாரை ஜெயித்துப் பட்டத்துக்கு வந்தார்?

அம்பாசிடர் இங்கே பிறந்த காரே இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-தான் அது. இங்கிலாந்துக்காரர்கள் 1959-லேயே அந்த மாடலுக்கு மூடுவிழா நடத்திவிட்டார்கள். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை அதையே ஓட்டியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர் மாறியது, முன்கிரில் மாறியது. உடம்பு மட்டும் மாறவே இல்லை.

ஏன் மாற வேண்டும்? யார் எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசாங்க லைசென்ஸ் தீர்மானித்த காலம் அது. வெளிநாட்டுக் காருக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. அம்பாசிடரை விட்டால் ஃபியட், அதையும் விட்டால் சென்னையின் ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாங்குகிறவன் வரிசையில் நிற்கும்போது விற்கிறவன் எதற்கு மெனக்கெடுவான்? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800-இன் சாவி கொடுக்கப்பட்டது. 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும். கியர் போடக் கை வலிக்காது. டிரைவர் வைக்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பம் தானே ஓட்டிக்கொண்டு போனது.

"மாருதியும் அரசாங்கக் கம்பெனிதானே? அதற்கும் சலுகை கிடைத்ததே?" நியாயமான கேள்வி. கிடைத்தது. ஆனால் 1993-ல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் முறை போனது. 1998-ல் இண்டிகா வந்தது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சான்ட்ரோ வந்தது. அத்தனை பேர் மோதியும் 800 விற்பனையில் முதலிடத்தை விடவில்லை. 2004-ல் அதை முந்தியது அதே கம்பெனியின் ஆல்டோ. அப்பனை முந்திய பிள்ளை, அவ்வளவுதான். அம்பாசிடரோ போட்டி வந்தபின் டாக்சியையும் அரசு அலுவலகங்களையும் நம்பி மூச்சுவிட்டது.

இரண்டு கார்களும் 2014-ல்தான் நின்றன. 800, வாரிசை வைத்துவிட்டுப் போனது. அம்பாசிடர், கடனை வைத்துவிட்டுப் போனது.

அம்பாசிடரை நேசிப்பதில் தப்பில்லை. தாத்தாவோடு ஊருக்குப் போன ஞாபகம் யாருக்கும் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த இனிப்பைத் தரம் என்று சொல்லாதீர்கள். உள்நாட்டுத் தொழிலைக் காப்பாற்றக் கதவைச் சாத்து என்று இன்றைக்கும் யாராவது கிளம்பினால், வேறு வழியில்லாமல் வரிசையில் நின்றவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவுக்கு விலை கொடுத்தது அவர்கள்தான்.