ஆப்பிரிக்கா அப்புறம்... முதல்ல கழுவெளி!

டி.வி.யில அரை மணி நேரம் காட்டைப் பார்த்துட்டு, 'மச்சி, ஒரு தடவையாவது கென்யா போயிடணும்டா'னு சொல்ற ஆள் உங்க ஹாஸ்டல்லயும் ஒருத்தர் இருப்பாரே? எங்க கோட்டக்குப்பம் கோஷ்டியிலயும் இருக்கார். சிங்கம், யானைனு ஆரம்பிச்சு இப்போ பறவைப் பைத்தியமா முத்திப்போச்சு. அவர் புண்ணியத்துல நானும் கொஞ்சம் விசாரிச்சேன். விசாரிக்க காசா, பணமா?

மேற்குக் கென்யாவுல காகமேகானு ஒரு காடு. மத்திய ஆப்பிரிக்காவுல பரந்து கிடக்கிற மழைக்காட்டோட வகையில, கென்யா பக்கம் மிச்சம் இருக்கிற துண்டு அது. மயில் நீலத்துல, தலையில கொண்டை வெச்ச பெரிய டுராக்கோ பறவை அங்கே கிளை கிளையா ஓடுமாம். கேட்கவே ஜிவ்வுனு இருக்கு இல்ல? சரி, என்னென்ன வேணும்? பாஸ்போர்ட். கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன் பயண அனுமதி (2024-லிருந்து விசாவுக்குப் பதிலா இதுதான்). குறைஞ்சது 10 நாளைக்கு முன்னாடி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. அந்தச் சான்றிதழ் இல்லாம திரும்பி வந்தீங்கன்னா நம்ம ஊர் ஏர்போர்ட்டிலேயே தனிமையில உட்கார வெச்சுடுவாங்க. கடைசியா ஃப்ளைட் டிக்கெட். அதோட விலையைப் பார்த்ததும் செமஸ்டர் ஃபீஸ் கட்டுற அப்பா முகம் ஞாபகம் வந்து லேப்டாப்பை மூடிட்டேன்.

ஆனா, அந்த விசாரணையில ஒரு உருப்படியான விஷயம் மாட்டுச்சு. அதே கென்யாவுல நகுரு ஏரினு ஒண்ணு. பூநாரைகளுக்கு உலகப் புகழ். கரை முழுக்க ரோஸ் கலர் பெயின்ட் கொட்டின மாதிரி லட்சக்கணக்குல நின்ன இடம். 2010-க்குப் பிறகு அந்த ஏரியில தண்ணி ஏறிக்கிட்டே போச்சு. தேசியப் பூங்காவோட வாசல் கேட்டே முங்கிடுச்சு. 'தண்ணி ஜாஸ்தியானா நல்லதுதானே'னு தோணும். நல்லதா போகலை. உவர்ப்பும் காரமும் நீர்த்துப்போச்சு. அதை நம்பி வளர்ந்த நுண்பாசி குறைஞ்சது. பாசியைத் தின்னு வாழ்ந்த சிறு பூநாரைகள் மூட்டை கட்டிக்கிட்டு போகோரியா மாதிரி வேற ஏரிகளுக்குக் கிளம்பிடுச்சு. பழைய போட்டோவை நம்பி டிக்கெட் போட்டுப் போனவன் கதியை யோசிச்சுப் பாருங்க!

அதனால பறவை பார்க்கப் போறவன் முதல்ல கேட்கவேண்டிய கேள்வி, 'டிக்கெட் எவ்வளவு?' இல்லை. 'இப்போ அங்கே தண்ணி எவ்வளவு?'

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக கென்யா எதுக்கு பாஸ்? கோட்டக்குப்பத்துல ஈ.சி.ஆர். ஓரமா நின்னு மரக்காணம் பஸ்ஸுக்குக் கையைக் காட்டுங்க. வழியில புத்துப்பட்டுல ஒரு காடு, அதைத் தாண்டினா இடது பக்கம் உள்ளே கழுவெளி. ஒரே நாள்ல ரெண்டும்.

கழுவெளி தெரியாதவங்களுக்கு: வானூர், மரக்காணம் தாலுகாக்கள்ல பரந்து கிடக்கிற உவர்நீர் நிலம். தென்னிந்தியாவுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரினு இதைச் சொல்றாங்க. சுத்துப்பட்டு ஏரிகளோட உபரித் தண்ணி ஒரு பக்கம் வந்து சேரும். இன்னொரு பக்கம் உப்புக்கழி ஓடையும் எடையன்திட்டு முகத்துவாரமும் கடலோட கோத்து விட்டிருக்கு. 2021 டிசம்பர்ல தமிழ்நாட்டோட 16-வது பறவைகள் சரணாலயமா 5,151 ஹெக்டேரை அறிவிச்சாங்க. 2024 ஆகஸ்ட்ல ராம்சார் பட்டியல்லயும் இடம் கிடைச்சது. புதுச்சேரி பீச்சுல செல்ஃபி எடுக்க நூறு கிலோமீட்டர் தாண்டி வர்றாங்க. பக்கத்துல இருக்கிற நம்ம பசங்கள்ல பாதிப் பேருக்கு இந்தப் பேரே தெரியாது. கேட்டா, 'அது சேறு மச்சி'ம்பாங்க.

ஆமா, சேறுதான். மேட்டரே அந்தச் சேறுதான்!

நான் சிவில் மூணாவது வருஷம். எந்த ஏரியைக் காட்டினாலும் எங்க ஆளுங்க வாயில வர்ற முதல் வார்த்தை 'கொள்ளளவு'. எத்தனை கன அடி நிக்கும், எவ்வளவு ஆழம் தோண்டலாம்? பறவையோட கணக்கு வேற. அதுக்கு டிசைன் பாராமீட்டர், கால் நீளம். கொசு உள்ளான்னு ஒரு குட்டிப் பறவை, சிட்டுக்குருவி சைஸ். அதோட கால் உங்க கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. ஈரச் சேறும் அதுமேல பாலாடை மாதிரி தண்ணியும் இருந்தா போதும். அதுக்கு மேல போனா அதுக்குச் சாப்பாடு கிடையாது. நெடுங்கால் உள்ளானுக்கு அரை ஸ்கேலுக்கு மேல ரோஸ் கலர் கால், அதனால இன்னும் கொஞ்சம் உள்ளே நிக்கும். கருவால் மூக்கன் நீள மூக்கைச் சேத்துல கண்ணு வரைக்கும் சொருகித் துழாவும். ஊசிவால் வாத்து தலையைக் கீழே விட்டு வாலை வானத்துக்குக் காட்டும் பாருங்க, அப்போ அது எட்டுற ஆழம் அதோட கழுத்து நீளம்தான். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும்தான் ஆழம் ஒரு பிரச்னையே இல்லை.

ஆக, கரையிலிருந்து நடு ஏரி வரைக்கும் மெதுவா சரியுற ஒரே சரிவுல ஓரமா ஒருத்தர், உள்ளே ஒருத்தர்னு ஹாஸ்டல் ரூம் அலாட்மென்ட் மாதிரி எல்லோரும் தங்கிடுறாங்க. இப்போ அந்த ஏரியைப் 'பொதுநலன்' கருதி பொக்லைன் விட்டு நேரா ஆறடிக்கு வெட்டிட்டோம்னு வெச்சுக்குங்க. தண்ணி நிக்கும், போட்டோ அழகா வரும். கொசு உள்ளானுக்கு மட்டும் ரூம் இல்லை.

விவசாயி பக்கத்தையும் சொல்லணும். கடலோரக் கிணத்துல உப்பு ஏறிட்டா என்ன ஆகும்னு வானூர் பக்கத்து வீடுகள்ல கேட்டா தெரியும். மழைத் தண்ணியைத் தேக்கியே ஆகணும். அதுக்கு மேல இருக்கிற ஏரிகளைத் தூர் வாருங்க, வரத்து வாய்க்காலை மீட்டுக் கொடுங்க. கடைசியில இருக்கிற இந்தத் தட்டையான ஓரத்தை மட்டும் தட்டையாவே விட்டு வைங்க என்பது என் கட்சி. மீனவர் பக்கமும் இருக்கு. படகு நிறுத்த அவங்களுக்கு இடம் வேணும். முகத்துவாரத்துல மீன்பிடித் துறைமுகம் கட்டுற விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. இந்த மாதிரி இடத்துலதான் 'அங்கே என்ன பறவை இருக்கு, எத்தனை இருக்கு?'ங்கிற கேள்வி வரும். பதில் யார்கிட்டயாவது எழுத்துல இருந்தாத்தான் பேச்சுக்கே அர்த்தம்.

அதை எழுதுற ஆள் நீங்களா இருக்கலாம். அதுக்குத்தான் இந்த டிரிப்!

தேதி முதல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பும். அப்போ போனா தூரத்துல புள்ளி புள்ளியாத்தான் தெரியும். மே மாசம் போனா வெடிச்ச தரையும் மாடும் மட்டும்தான். ஜனவரி நடுவுலேர்ந்து மார்ச் முதல் வாரம் வரைக்கும் தண்ணி வத்த வத்த புதுச் சேறு வெளியே வரும் பாருங்க, அதுதான் சீஸன். வட ஆசியாவுலேர்ந்து வந்த விருந்தாளிங்க திரும்பிப் போறதுக்காக உடம்புல கொழுப்பு சேர்க்கிற நேரமும் அதுதான். பொங்கல் லீவு கச்சிதம். 2015-லிருந்து வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. ஒரு இடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு, பார்த்தது எல்லாத்தையும் எழுதி இ-பேர்டுல ஏத்தணும். ஃபீஸ் கிடையாது, அட்டெண்டன்ஸும் கிடையாது!

சரணாலயம்ங்கிறதால முன்கூட்டியே வனத்துறைகிட்ட பேசி அனுமதி வாங்கிடுங்க. எங்கே நின்னு பார்க்கலாம்னு அவங்களே சொல்வாங்க. ட்ரோன் வெச்சிருக்கிற மகராசன் அதை வீட்டிலேயே வெச்சுட்டு வரட்டும்.

ஆறு பேருக்கு மேல வேண்டாம். முப்பது பேர் வேன் புடிச்சு, ஸ்பீக்கர்ல குத்துப்பாட்டு போட்டு வர்றது வேற டிரிப், அதுக்கு வேற ஊர் இருக்கு. நீங்க கிட்டப் போகப் போக, மேயுற பறவை தலையைத் தூக்கிப் பார்க்கும். அங்கேயே நின்னுடுங்க. அடுத்த அடி வெச்சா கூட்டமே எழும்பும். உங்களுக்கு அது சூப்பர் வீடியோ. அதுக்கு, பல ஆயிரம் கிலோமீட்டர் பறக்கச் சேர்த்து வெச்ச பெட்ரோல் வீண்.

பைனாகுலர்? ஆறு பேருக்கு ரெண்டு போதும், சீனியர் யாராவது கொடுப்பாங்க. வாங்குறதா இருந்தா '8x42' பாருங்க. 8 மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல வகுத்தா 5.25. அவ்வளவு மில்லிமீட்டர் வட்டத்துல வெளிச்சம் உங்க கண்ணுக்கு வரும். விடியக்காலையில அது முக்கியம். '20 மடங்கு சார், சூப்பர் சார்'னு பஜார்ல விக்கிறதைக் கையில புடிச்சா பறவையோட சேர்ந்து ஏரியும் ஆடும். புத்தகம்னா, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா போட்ட பறவைகள் கையேடு தமிழ்ல இருக்கு, பையில அடங்கும். வெள்ளை, சிவப்பு சட்டை வேண்டாம். புது ஷூ வேண்டவே வேண்டாம். தண்ணி பாட்டிலும் எலுமிச்சை சாதமும் கட்டாயம், ஏன்னா கரையில கடை கிடையாது. பாத்ரூமும் கிடையாது. பொண்ணுங்க இருக்கிற குரூப் மரக்காணத்துல ஒரு ஸ்டாப்பை முதல்லயே பிளான்ல போட்டுடுங்க. இதை எந்த டூர் புக்கும் எழுதாது, ஆனா இது சரியில்லைன்னா பாதி டிரிப் காலி.

காலையில ஈ.சி.ஆர். பக்கமிருந்து, அதாவது ஏரிக்குக் கிழக்கே நின்னு பாருங்க. சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கும், பறவை மேல நேரா வெளிச்சம் விழும். எதிர்ப் பக்கம் போய் நின்னா எல்லாமே கறுப்பு பொம்மை. பூநாரை இருந்தா உங்க அதிர்ஷ்டம். இல்லாட்டியும் மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க, தட்டைவாயன் வாத்து அலகை அரிப்பு மாதிரி வெச்சு தண்ணி மேல் பரப்பைச் சலிக்கிறதைப் பார்க்கிறது ஒண்ணும் மொக்கை கிடையாது. கூட்டத்தை எண்ணுறதுக்கு ஒரு வழி: முதல்ல பத்தை எண்ணுங்க. அந்தப் பத்து கண்ணுல எவ்வளவு இடத்தை அடைக்குதுனு பிடிச்சுக்குங்க. அப்புறம் அந்தக் கட்டத்தை அப்படியே நகர்த்தி எத்தனை கட்டம்னு எண்ணுங்க. ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ஒப்பிட்டா தப்பு குறையும். சர்வே லேப்ல செய்யுறதுதான், இங்கே வைவா இல்லை.

பத்து மணிக்கு மேல வெயில். மரக்காணம் உப்பளத்தை ஒரு சுத்து. ஆந்திராவுலேர்ந்து வர்ற பக்கிங்ஹாம் கால்வாய் இந்த மரக்காணத்துலதான் முடியுது, அதையும் எட்டிப் பாருங்க. அப்புறம் எங்கேயாவது நிழல்ல ஒரு தூக்கம்.

நாலு மணிக்கு மேல திரும்புற வழியில புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோவிலைச் சுத்தி நிக்கிற காடு. நம்ம சோழமண்டலக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. மழை குறைச்சல், ஆனா இலை உதிராது. வீரை, காசா, காட்டு எலுமிச்சை, களாப் புதர்... காகமேகா மாதிரி நூறடி மரம் இல்லை. ஆனா, கரையோரமா நீண்டு கிடந்த அந்தக் காட்டுல பெரும்பகுதி போயே போச்சு. மிச்சம் பிழைச்ச துண்டுகள்ல பல, 'சாமி காடு, சுள்ளிகூட ஒடிக்காதே'னு பாட்டிகள் மிரட்டி வெச்சதால பிழைச்சது. கோவில் வழியை விட்டு உள்ளே புகுந்து நீங்க புதுசா ஒரு பாதை போட வேண்டாம்.

அஞ்சரைக்கு மொபைலை சைலன்ட்ல போட்டுட்டு ஓரமா உட்காருங்க. குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து நம்ம பக்கம் வர்ற ஆறுமணிக்குருவி, பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில சிவப்பு. தரையில இலைச் சருகைப் புரட்டிக்கிட்டு இருக்கும், லேசுல கண்ணுல சிக்காது. காலையிலயும் சாயங்காலமும் ஆறு மணி வாக்குல ரெண்டு துண்டா ஒரு விசில் வரும், அதான் அந்தப் பேரு. அதைக் கிட்டக் கூப்பிடுறேன்னு மொபைல்ல அதோட குரலையே போட்டுக் காட்டாதீங்க. எதிரி வந்துட்டான்னு இரையை விட்டுட்டு அலையும். விசில் கேட்டா நேரத்தைக் குறிச்சு லிஸ்ட்ல சேருங்க, காதால கேட்டதும் கணக்குல வரும். இருட்டுறதுக்குள்ள ரோட்டுக்கு வந்துடுங்க. கோட்டக்குப்பம் வழியா புதுச்சேரி போற பஸ் வரும். ஷூ சேத்தை மட்டும் ஏறுறதுக்கு முன்னாடி தட்டிடுங்க, கண்டக்டர் அண்ணன் திட்டுவார்.