கூரை போட்டாயிற்று, கேள்வி முடியவில்லை

ஏப்ரல் வந்தால் எமது முகநூல் வட்டத்தில் ஒரு குரல் கேட்கும். "தேவாலயத்தைப் புதுசாகத் திருத்திக் கொடுத்தாச்சு, நட்டஈடும் கொடுத்தாச்சு. இன்னும் ஏன் வருஷா வருஷம் இதையே பேசுகிறார்கள்?"

கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். 2019 மே 13இல் மினுவாங்கொடையில் எரிந்த எமது கடைகள் இன்னும் அவர்கள் கண்ணுக்குள் நிற்கின்றன. ஏப்ரல் என்றாலே நெஞ்சு படபடக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. அந்தக் கேள்வி நியாயமானதல்ல.

நீர்கொழும்பு நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் அதன் கூரை ஓடுகள் பறந்தன. உள்ளே திருப்பலியில் இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். சரியாக மூன்று மாதத்தில், 2019 ஜூலை 21இல், திருத்தப்பட்ட தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. வேகமான வேலைதான். ஆனால் அந்தத் திறப்பு நாளிலேயே கர்தினால் மெல்கம் ரஞ்சித் அரசாங்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கூரை போட்டதோடு விஷயம் முடியவில்லை என்பது அன்றே தெரிந்தது.

இன்னொன்றும் செய்தார்கள். சுவரையும் கூரையையும் சரிசெய்தவர்கள், இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சொரூபத்தைக் கழுவவில்லை. கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

சொரூபம் வைப்பது எமது மார்க்கத்தில் இல்லை. ஆனால் தொழுகை இடத்தில் தெறித்த இரத்தம் என்னவென்று எமக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு, காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பள்ளிச் சுவரில் அந்தச் சன்னத் துளைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு சட்டி சீமெந்து போதும், மூடிவிடலாம். நாம் மூடவில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் 3இலும் ஷுஹதாக்களை நினைவுகூருகிறோம். "இன்னும் ஏன்?" என்று யாராவது கேட்டால் எமக்கு எப்படி வலிக்கும்?

அதே காத்தான்குடியில் பிறந்தவன்தான் ஸஹ்ரான். இந்த உண்மையை நாம் சுற்றி வளைத்துப் பேச வேண்டியதில்லை. அவன் செய்ததற்கு எமது சமூகம் பொறுப்பல்ல. ஆனால் சன்னத் துளையைக் காத்து வைத்திருக்கும் எமக்கு, இரத்தக்கறையைக் காத்து வைத்திருப்பவர்களின் மனது மற்ற எவரையும் விட நன்றாகப் புரிய வேண்டும். சூரா அல்ஹஜ்ஜின் 40ஆவது வசனம் தேவாலயங்களையும் பள்ளிவாசல்களையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறது என்பதை நாம் அறிவோம்.

நட்டஈடு பற்றியும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அது கவனயீனத்துக்கான தீர்ப்பு. பின்னால் இருந்தது யார் என்பதே அந்தக் குடும்பங்களின் கேள்வி. அந்த உண்மை வெளியே வருவது எமக்கும் தேவை. அது வராத வரைக்கும் சந்தேகத்தின் நிழல் எமது பிள்ளைகள் மேலும்தான் விழும்.

ஆகவே ஆசிரியர்களாகிய நாம் ஒன்று செய்யலாம். கல்விச் சுற்றுலா என்று பிள்ளைகளைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் அழைத்துப் போகிறோம். விமான நிலையத்திலிருந்து கட்டுவாப்பிட்டிய தூரமில்லை. முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டு, அரை மணித்தியாலம் பஸ்ஸை நிறுத்துவோம். நினைவுக்கல்லில் உள்ள பெயர்களை எமது பிள்ளைகள் வாசிக்கட்டும். அதில் தங்கள் வயதுப் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கும்.