துணை ஜனாதிபதி பதவிக்கு பெண்: மரியாதையா, ஓட்டுக் கணக்கா?

"ஏம் தம்பி, நம்ம மன்னார்குடி பக்கத்துப் பிள்ளை எதுக்கு தோத்துது?"

2024-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க தேர்தல் முடிவு வெளியான மறுநாள், மதிய சாப்பாட்டு வேளையில் ஓர் அண்ணாச்சி என்னிடம் இப்படி கேட்டார். மும்பையில் சரக்கு கணக்கு எழுதியே தலை நரைத்தவர் அவர். கமலா ஹாரிசை அவர் பார்த்ததும் இல்லை, பார்க்கப் போவதும் இல்லை. ஆனாலும் டிபன் பாக்சை திறக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 2020-ல் அந்த அம்மையாரை இரண்டாம் இடத்துக்கு ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? இதற்கு பதில் தெரிந்தால்தான் அண்ணாச்சியின் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ஒரே சீட்டில் இருவர்

அமெரிக்காவில் ஜனாதிபதி வேட்பாளரும் துணை ஜனாதிபதி வேட்பாளரும் ஜோடியாக நிற்கிறார்கள். ஒருவருக்கு போடும் ஓட்டு இருவருக்கும் சேரும். துணையாக நிற்பவரை ஜனாதிபதி வேட்பாளரே தேர்ந்தெடுப்பார். கட்சி மாநாடு அதை ஏற்றுக்கொள்ளும்.

நம் நாட்டில் அப்படி அல்ல. இங்கே துணை ஜனாதிபதியை பாராளுமன்ற இரு சபை உறுப்பினர்களும் தனியாக ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கிறார்கள்.

அமெரிக்க துணை ஜனாதிபதிக்கு சட்டம் கொடுத்துள்ள வேலை குறைவு. செனட் சபைக்கு தலைமை வகிக்கலாம். இரு பக்கமும் ஓட்டுகள் சமமாக இருந்தால் மட்டும் ஓட்டு போடலாம். ஆனால் ஜனாதிபதி இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ அந்த நாற்காலி அவருக்கே. இப்படி 9 பேர் ஜனாதிபதி ஆகியிருக்கிறார்கள். 1945-ல் ரூஸ்வெல்ட் காலமானபோது, ட்ரூமன் துணை ஜனாதிபதியாகி மூன்று மாதம்கூட முடியவில்லை.

நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால் அது "பொறுப்பு" பார்க்கும் வேலை. மேலே இருப்பவர் வரும்வரை கையில் வேலை இல்லை. அவர் வராமல் போனால் எல்லா வேலையும் தலையில். அந்த இடத்தில் யாரை உட்கார வைப்பது என்பது லேசான விஷயம் அல்ல.

1984: பெராரோ

பெரிய கட்சி ஒன்று முதன்முதலாக அந்த இடத்துக்கு பெண்ணை நிறுத்தியது 1984-ல்தான். ஜனநாயக கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் வால்டர் மான்டேல். எதிரே ரீகன். பதவியில் இருப்பவர், செல்வாக்கின் உச்சியில் இருப்பவர். கருத்துக் கணிப்புகளில் மான்டேல் வெகுதூரம் பின்தங்கிக் கிடந்தார்.

1980 தேர்தலில் ரீகனுக்கு ஆண்கள் காட்டிய ஆதரவை பெண்கள் அந்த அளவுக்கு காட்டவில்லை. இந்த வித்தியாசம் மான்டேலின் கண்ணில் பட்டது. பெண்ணை நிறுத்தியே தீர வேண்டும் என்று பெண்கள் இயக்கங்களும் நெருக்கின. 1984 ஜூலை 12-ந் தேதி ஜெரால்டின் பெராரோவின் பெயரை மான்டேல் அறிவித்தார்.

யார் இந்த பெராரோ? இத்தாலியில் இருந்து பிழைக்க வந்தவரின் மகள். எட்டு வயதில் தகப்பனாரை இழந்தார். தாயார் துணிகளில் மணி கோத்து தைக்கும் வேலை பார்த்து மகளை படிக்க வைத்தார். மகள் பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். இரவில் சட்டம் படித்தார். அரசு வக்கீலாக இருந்து, 1978-ல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்து பிரதிநிதிகள் சபைக்கு தேர்வானார். கல்யாணத்துக்குப் பிறகும், வளர்த்த தாயின் நினைவாக பிறந்த வீட்டுப் பெயரையே பொதுவாழ்வில் வைத்துக்கொண்டார். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு இந்தக் கதை புதிது அல்ல.

சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் அவர் மேடை ஏறியபோது பெண்கள் பலர் கண்ணீர் விட்டார்கள். பிறகு வந்தது சோதனை.

மிசிசிப்பியில் ஒரு மூத்த அரசியல்வாதி அவரிடம், "பலகாரம் சுடத் தெரியுமா?" என்கிற பாணியில் கேட்டார். "தெரியும், உங்களுக்கு?" என்று திருப்பிக் கேட்டார் பெராரோ. அணுகுண்டு பொத்தானை அழுத்தும் துணிவு பெண்ணுக்கு உண்டா என்று டெலிவிஷனில் கேட்டார்கள். அப்போது டில்லியில் இந்திரா காந்தியும், லண்டனில் தாட்சரும் பிரதமர்களாக இருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, ரியல் எஸ்டேட் தொழில் செய்த கணவரின் வருமான வரி கணக்கு கிளறப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் நிருபர்களின் கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக நின்று பதில் சொன்னார். அக்டோபரில் ஜார்ஜ் புஷ்சுடன் நேருக்கு நேர் விவாதம். வெளிநாட்டு விவகாரத்தில் தனக்கு பாடம் நடத்துவது போல் புஷ் பேசியதை அவர் மேடையிலேயே கண்டித்தார்.

எதுவும் பலிக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? 50 மாநிலங்களில் 49 மாநிலங்கள் ரீகன் பக்கம். தேர்வுக்குழு ஓட்டுகள் ரீகனுக்கு 525, மான்டேலுக்கு 13. பெராரோவின் சொந்த மாநிலமான நியூயார்க்கும் கைவிட்டது. பெண்களிலும் பெரும்பாலோர் ரீகனுக்கே ஓட்டு போட்டார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெண் நிற்கிறாள் என்பதற்காக மட்டும் பெண்கள் ஓட்டு போடுவது இல்லை. விலைவாசி, வேலை, வரி எல்லாம் பார்த்துத்தான் போடுகிறார்கள். பெண்களின் ஓட்டை ஒரே மூட்டையாக கட்டி எடுத்துப் போய்விடலாம் என்று நினைப்பவர், பெண்களை மதிப்பவர் அல்ல.

2008: பேலின்

இரண்டாவது முறை இது நடக்க 24 ஆண்டுகள் ஆயின. இம்முறை குடியரசு கட்சி. ஜான் மெக்கெய்னுக்கு 72 வயது நிறைந்த நாள் 2008 ஆகஸ்டு 29. அன்றுதான் அலாஸ்கா மாநில கவர்னர் சாரா பேலினை அவர் மேடையில் நிறுத்தினார். பேலின் கவர்னராகி இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. வெளியூரில் பலருக்கு அவர் பெயரே அன்றுதான் தெரிந்தது.

எதிர்க்கட்சியில் ஹிலாரி கிளிண்டன் ஒபாமாவிடம் தோற்றிருந்த நேரம் அது. மனம் வாடியிருந்த ஹிலாரி ஆதரவாளர்களை இழுக்கலாம் என்பது ஒரு கணக்கு. சொந்த கட்சியின் பழமைவாதிகளை உற்சாகப்படுத்தலாம் என்பது இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கு பலித்தது. முதலாவது பலிக்கவில்லை.

பேலினின் கொள்கைகள் வேறு, பெராரோவின் கொள்கைகள் வேறு. ஆனால் பட்ட பாடு ஒன்றுதான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பிரசாரத்துக்கு வரலாமா என்று கேட்டார்கள். அவருடைய உடைகளுக்கு கட்சி செலவிட்ட சுமார் ஒன்றரை லட்சம் டாலர் நாடெங்கும் பேச்சானது. ஆண் வேட்பாளர்களின் கோட்டு என்ன விலை என்று யாரும் இவ்வளவு அக்கறையாக கேட்பதில்லை.

அதேசமயம், டெலிவிஷன் பேட்டிகளில் அவர் தடுமாறியதும் உண்மை. பெண் என்பதால் வந்த கேலி வேறு. தகுதியைப் பற்றி எழுந்த நியாயமான கேள்வி வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். போதிய தயாரிப்பு இல்லாமல் ஒருவரை மேடையில் தள்ளிவிட்டால், பழி அவர் மீது விழுகிறது. தள்ளிவிட்டவர் தப்பித்துக்கொள்கிறார். அந்த தேர்தலில் ஒபாமா 365, மெக்கெய்ன் 173.

2020: கமலா

பெராரோவும் பேலினும் நின்றது பின்தங்கிய அணியில். பைடன் கதை வேறு. அவர் கணிப்புகளில் முந்திக்கொண்டிருந்தார். துணைக்கு ஒரு பெண்ணைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று 2020 மார்ச்சிலேயே வாக்கு கொடுத்தார். ஆகஸ்டு 11-ந் தேதி கமலா ஹாரிசை அறிவித்தார். முந்தைய ஆண்டு விவாத மேடையில் தன்னை கடுமையாக தாக்கிய கமலாவையே அவர் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது.

கமலாவின் தாயார் சியாமளா கோபாலன் 1958-ல் தன் 19-வது வயதில் மேல்படிப்புக்காக அமெரிக்கா போனவர். தாத்தா பி.வி.கோபாலனின் ஊர் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம். மாநாட்டுப் பேச்சில் கமலா "சித்தி" என்ற சொல்லை உச்சரித்ததும், நம்மவர்கள் காது குளிர்ந்தது. துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது. வெற்றி வந்ததும் இனிப்பு வழங்கினார்கள்.

2021 ஜனவரி 20-ந் தேதி அவர் பதவி ஏற்றார். செனட் சபையில் இரு கட்சிகளும் 50-க்கு 50 என்று நின்றதால், சும்மா கிடக்கும் அந்த ஓட்டுக்கு உயிர் வந்தது. மொத்தம் 33 முறை அவர் அந்த ஓட்டை போட்டார். 19-ம் நூற்றாண்டில் கால்ஹூன் போட்ட 31 என்ற கணக்கை முறியடித்தார்.

2021 நவம்பர் 19-ந் தேதி பைடனுக்கு மயக்க மருந்து கொடுத்து பரிசோதனை செய்தார்கள். அப்போது 85 நிமிடம் ஜனாதிபதியின் அதிகாரம் கமலாவிடம் இருந்தது. அமெரிக்க சரித்திரத்தில் ஒரு பெண்ணின் கையில் அந்த அதிகாரம் இருந்தது அந்த 85 நிமிடம்தான்.

2024 ஜூலை 21-ந் தேதி பைடன் போட்டியில் இருந்து விலகினார். தேர்தலுக்கு மூன்றரை மாதம் மீதி. விலைவாசி உயர்வால் ஜனங்கள் ஆளுங்கட்சி மீது கோபமாக இருந்த நேரம். அப்போதுதான் முதல் நாற்காலிக்கான போட்டி கமலாவுக்கு கிடைத்தது. டிரம்ப் 312, கமலா 226 என்று முடிந்தது.

இங்கே எப்படி?

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லி பயன் இல்லை. இந்தியாவில் இன்றுவரை பெண் யாரும் துணை ஜனாதிபதி ஆனதில்லை. 2007-ல் நஜ்மா ஹெப்துல்லா நின்றார். ஹமீத் அன்சாரியிடம் தோற்றார். 2022-ல் மார்கரெட் ஆல்வா நின்றார். 528-க்கு 182 என்று ஜெகதீப் தன்கரிடம் தோற்றார். இரண்டு முறையும் போதிய ஓட்டு இல்லாத அணிதான் பெண்ணை நிறுத்தியது.

ஆனால் அதே 2007-ல் பிரதிபா பாட்டீலும், அதே 2022-ல் திரவுபதி முர்முவும் ஜனாதிபதி ஆனார்கள். அவர்களை நிறுத்தியது ஆளும் அணி. ஜெயிக்கும் கை தூக்கிவிட்டால் பெண்ணும் ஜெயிப்பார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அண்ணாச்சிக்கு பதில்

மரியாதையா, கணக்கா என்றால், இரண்டும்தான். கணக்கு இல்லாத அரசியல் இல்லை. கென்னடி 1960-ல் ஜான்சனை சேர்த்துக்கொண்டதும் தென் மாநில ஓட்டுகளுக்காகத்தான். அதற்காக ஜான்சனை யாரும் "கணக்குக்கு வந்தவர்" என்று ஏளனம் செய்யவில்லை. பெண்ணை மட்டும் ஏன் அப்படி பேச வேண்டும்?

பார்க்க வேண்டியது வேறு. எப்போது கூப்பிடுகிறார்கள்? எவ்வளவு அவகாசம் கொடுக்கிறார்கள்? தோற்றால் யார் மீது பழி போடுகிறார்கள்? நான் அறிந்த ஒரு ஆபீசில் கணக்கு குளறுபடியான மாதங்களில் மட்டும் ஓர் அம்மாளிடம் பொறுப்பை கொடுப்பார்கள். அவர் ராத்திரி வரை உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார். நிரந்தர பதவி என்று வரும்போது வேறு பெயர் வரும். அந்த அம்மாள் பொறுப்பாகவே இருந்து ரிட்டயர் ஆனார்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்கு பொறுப்பு கொடுத்தாங்க. நாற்காலி காலியானப்போ நாள் இல்லை" என்றேன்.

அண்ணாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு டிபன் பாக்சை திறந்தபடி, "எங்க மூத்தவ பேங்க் பரீட்சை எழுதியிருக்கா தம்பி" என்றார்.