குடியிருக்கும் வீடா? நாள் வாடகை விடுதியா?

கொல்கத்தாவில் குடியிருக்க வீடு தேடி அலைகிறவனிடம் முன்பெல்லாம் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். எந்த ஊர்? எங்கே வேலை? இன்று மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. மாதக் கணக்கா, நாள் கணக்கா? மாதக் கணக்கு என்றால் வீட்டுக்காரர் முகம் சுருங்குகிறது. நாள் கணக்கு என்றால் மலர்கிறது. ஒரு தொழிலாளிக் குடும்பம் மாதம் முழுவதற்கும் கொடுக்கக்கூடிய தொகையை, வைத்தியத்துக்கு வந்த வெளியூர்க்காரரிடம் சில நாட்களிலேயே வாங்கிவிடலாம் என்பதுதான் காரணம்.

இ.எம். பைபாஸ் ஓரத்தில், முகுந்தபூர் போன்ற பகுதிகளில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் எழுந்தன. அவற்றைச் சுற்றியிருந்த குடியிருப்பு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் 'கெஸ்ட் ஹவுஸ்' பலகை மாட்டிக்கொண்டன. சால்ட் லேக், நியூ டவுன் பகுதிகளிலும் இதே கதை. பலகையே மாட்டாத வீடுகளும் உண்டு. ஏர்பிஎன்பி போன்ற நிறுவனங்களின் வழியாகக் கைப்பேசியிலேயே வியாபாரம் முடிந்துவிடுகிறது. மாடிப்படியில் ஏறி இறங்கும் முகங்கள் தினம் மாறுகின்றன. வீட்டுச் சொந்தக்காரர் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பதில்லை. பல சமயம் அந்த ஊரிலேயே இருப்பதில்லை. சாவி ஓர் ஏஜெண்டின் கையில்.

இதற்கு வரம்பு கட்ட வேண்டும் என்ற குரல் பல நகரங்களில் எழுந்திருக்கிறது. நம் நகரத்திலும் எழ வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் எதற்கு வரம்பு, யாருக்கு வரம்பு என்பதில்தான் நம்மைப் போன்ற பிழைக்க வந்த மக்களின் வாழ்வும் தாழ்வும் அடங்கியிருக்கிறது.

வந்து தங்குவது குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெளியூரிலிருந்து வந்து நாலு நாள் தங்குகிறவர் நம் பகைவர் அல்லர். நாமே அப்படி வந்தவர்கள்தாம். வேலைக்கான உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு ஹவுராவில் இறங்கிய நம் முந்திய தலைமுறைக்கு முதல் நிழல் கொடுத்தவை மெஸ் வீடுகளும், லேக் மார்க்கெட் பக்கத்து ஒண்டுக்குடித்தனங்களும், உறவினர் வீட்டுத் திண்ணைகளுமே. இந்த ஊரின் 'மெஸ் பாடி'கள் குமாஸ்தாக்களையும் மாணவர்களையும் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் வைத்துச் சோறு போட்டன.

வேலூரைப் பாருங்கள். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வங்காளிகளின் கூட்டம் எவ்வளவு என்பது ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு டிக்கெட் கொடுக்கும் நம் ரயில்வேத் தோழர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை, வங்காளச் சமையல், நாள் வாடகை அறைகள். அந்த நோயாளிகள் அங்கே தங்க இடமில்லாமல் தவிக்க வேண்டும் என்று யாராவது சொல்வோமா? இங்கே பைபாஸ் ஓரம் வந்து தங்கும் நோயாளிக்கும் அதே நியாயம்தான்.

வயிற்றுப்பாட்டுக்காக ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர்களையும் நாம் குறை சொல்லவில்லை. ஓய்வு பெற்ற தொழிலாளி, கணவனை இழந்த தாய், தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கி விருந்தாளிக்குக் கொடுத்தால் அது அவர்கள் பிழைப்பு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஓர் அறை முதல் ஆறு அறை வரை, பன்னிரண்டு படுக்கைக்கு மிகாமல். சொந்தக்காரர் குடும்பத்தோடு அங்கேயே வசிக்க வேண்டும். இதில் நமக்கு மறுப்பு இல்லை.

நாம் எதிர்ப்பது வேறு. குடியிருக்கக் கட்டிய வீட்டை முழுவதுமாகக் காலிசெய்து, குடும்பங்களை வெளியேற்றி, பத்து வீடு இருபது வீடு என்று சேர்த்துக்கொண்டு, ஓட்டல் நடத்துவது. பெயர் வீடு, தொழில் விடுதி!

சட்டம் எங்கே கைவிடுகிறது?

நாள் வாடகையில் வீட்டுக்காரருக்கு லாபம் மட்டுமல்ல, பயமின்மையும் கிடைக்கிறது. 1997ஆம் ஆண்டின் மேற்கு வங்கக் குடிக்கூலிச் சட்டம் 2001இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குடியிருப்போரை நினைத்தபோது தெருவில் தள்ள முடியாது. காரணம் காட்ட வேண்டும். வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். வாடகையை வாங்க மறுத்தால் கண்ட்ரோலரிடம் கட்டலாம். ஆனால் கொல்கத்தா, ஹவுரா மாநகராட்சி எல்லைக்குள் மாதம் 6,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புக்கு அந்தச் சட்டத்தின் நிழல் இல்லை. இன்றைய விலைவாசியில் அந்தத் தொகைக்குள் அடங்கும் வீடு எத்தனை? மற்றவர்களுக்கெல்லாம் பதினோரு மாத ஒப்பந்தம்தான் கதி. பன்னிரண்டாவது மாதம் 'வீட்டை ரிப்பேர் செய்யப் போகிறோம்' என்பார்கள். ரிப்பேர் முடிந்ததும் பார்த்தால் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, ஒரு நம்பர்!

நாள் வாடகைக்காரருக்குச் சட்டத்தில் குடியுரிமை பிறப்பதில்லை. அதனால்தான் முதலாளிக்கு அவரைப் பிடிக்கிறது. மாத வாடகைக்காரன் குழந்தையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கிறான். ரேஷன் அட்டையில் விலாசம் எழுதுகிறான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிறான். வேர் விடுகிறான். அந்த வேர்தான் அவர்களுக்கு ஆகவில்லை.

"என் வீடு, என் இஷ்டம்" என்று சொந்தக்காரர்கள் வாதிடுகிறார்கள். சால்ட் லேக் மனைகளை அரசு 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது குடியிருப்பதற்காக. அடுக்கு மாடிக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டியும் மாடிப்படியும் லிஃப்டும் சாக்கடையும் அத்தனை குடும்பங்களுக்கும் பொது. பொதுச் சொத்தை வைத்து ஒருவர் தனி வியாபாரம் நடத்துவது எந்த நியாயத்தில் சேர்த்தி? வியாபாரம் என்றால் மாநகராட்சியின் வணிக உரிமம் எடு, வணிகத்துக்குரிய வரி கட்டு, தீயணைப்புத் துறையின் சான்று வாங்கு. இவற்றைக் கேட்டால் மட்டும் "இது வெறும் வீடுதானே" என்கிறார்கள்.

பதினான்கு உயிர்கள்

தீயணைப்புச் சான்று ஏதோ காகித விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 29ஆம் தேதி இரவு, படாபஜார் மெச்சுவா பகுதியில் ரிதுராஜ் ஓட்டலில் தீப்பிடித்தது. பதினான்கு பேர் மாண்டார்கள். நெருப்பைவிடப் புகையே பெரும்பாலோரைக் கொன்றது. மாண்டவர்களில் மூவர் கரூரைச் சேர்ந்த ஒரே குடும்பத்தினர். அதில் இருவர் குழந்தைகள்! ஊர் சுற்றிப் பார்க்க வந்த பிஞ்சுகள் மூச்சுத் திணறிச் செத்த செய்தி கேட்டுத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் துடித்தோம். அந்த ஓட்டலின் தீயணைப்புச் சான்று காலாவதியாகிக் கிடந்தது என்று அதிகாரிகளே சொன்னார்கள். பிறகு மாநகராட்சி விழித்துக்கொண்டு மொட்டைமாடி உணவகங்களை மூட உத்தரவிட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

ஓட்டல் என்று பலகை மாட்டி, உரிமம் பெற்ற இடத்திலேயே இந்த நிலை என்றால், ஓட்டல் என்றே ஒப்புக்கொள்ளாத வீட்டில் யார் போய்ப் பார்ப்பது? ஒற்றை மாடிப்படி, கம்பி போட்ட ஜன்னல், அறைக்கு அறை ஒரு கேஸ் சிலிண்டர். கீழ்த்தளத்தில் தீப்பிடித்தால் மேலே குடியிருக்கும் குடும்பமும் தங்க வந்த நோயாளியும் சேர்ந்தே பலி.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

இங்கேதான் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2021 ஜூனில் நியூ டவுனின் சுகோபிருஷ்டி குடியிருப்பில் வாடகை வீட்டில் பதுங்கியிருந்த பஞ்சாப் ரவுடிகள் இருவர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2024 மே மாதத்தில் வங்காளதேச நாடாளுமன்ற உறுப்பினர் அன்வருல் அஸீம் அனார் நியூ டவுனில் ஒரு வாடகை வீட்டில் கொலை செய்யப்பட்டார் என்று போலீசார் அறிவித்தனர். ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் என்ன நடந்தது? வாடகைக்காரர் விவரம் கொடு, போட்டோ கொடு, ஆதார் கொடு என்று கெடுபிடி. விவரம் கொடுப்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கப்படுகிறவன் யார்? இந்தி வராத, வங்காளம் தடுமாறும் கூலிக்காரன்தான். பத்து வீட்டை வைத்து வியாபாரம் செய்யும் ஏஜெண்டிடம் யாரும் உரிமம் கேட்டதாகத் தெரியவில்லை.

"வெளியாட்களுக்கு வீடு கிடையாது" என்று குடியிருப்போர் சங்கங்கள் தீர்மானம் போட்டால், நாள் வாடகை முதலாளி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துக்கொள்வார். அடிபடுவது மாத வாடகைத் தமிழனும் பீகாரியும் ஒடியனும்தான். ஆகவே நம் கோரிக்கை இதுதான்: கட்டடத்திடம் காகிதம் கேளுங்கள், தொழிலிடம் கணக்குக் கேளுங்கள். வந்தவன் முகத்தைப் பார்த்து வடிகட்டாதீர்கள்.

உலகம் என்ன செய்கிறது?

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரில் பத்தாண்டில் வாடகை 68 சதவீதம் உயர்ந்தது என்று அந்நகர மேயர் 2024 ஜூனில் சொன்னார். சுற்றுலாப் பயணிகளுக்கான 10,101 வீட்டு உரிமங்களையும் 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். நியூயார்க் நகரில் 2023 செப்டம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுகிறவர் பதிவு செய்தாக வேண்டும். விருந்தாளி இருக்கும்போது தாமும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைவாகவும், அரசு அடுக்குமாடி வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடவே கூடாது.

நியூயார்க்கில் இந்தச் சட்டத்தால் மட்டும் வாடகை இறங்கிவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. வரம்பு மட்டும் போதாது. புதிய வீடுகளும் வேண்டும், குடிக்கூலிச் சட்டமும் வலுப்பட வேண்டும். ஆனால் இருக்கிற வீடும் கையைவிட்டுப் போகாமல் காப்பதற்கு வரம்பு தேவை.

இந்த வியாபாரத்தை நம்பி ஒரு தெருவையே ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் உண்டு. 2024 ஆகஸ்டில் வங்காளதேசத்தில் ஆட்சி கவிழ்ந்தது, விசா சுருங்கியது, வரும் நோயாளிகள் குறைந்தார்கள். மார்க்விஸ் தெருவிலும் பைபாஸ் ஓரத்திலும் விடுதி அறைகள் காலியாகக் கிடந்தன. கடைக்காரர், சமையல்காரர், அறை துடைக்கும் பெண்கள் எல்லோரும் வருமானம் இழந்தார்கள். குடும்பங்கள் வாழும் தெருவில் தினமும் அரிசியும் காய்கறியும் விற்கும். விருந்தாளியை மட்டும் நம்பிய தெரு ஒரே மாதத்தில் படுத்துவிடும்.

நம் கோரிக்கைகள்

மாநகராட்சியும் மாநில அரசும் கீழ்க்கண்டவற்றைச் செய்ய வேண்டுமெனக் கேட்கிறோம்:

1. கொல்கத்தாவின் 144 வார்டுகளிலும் நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகளைக் கணக்கெடுத்து, பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. குடியிருப்புத் தெருக்களில் இத்தனை அனுமதிக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு கட்ட வேண்டும். ஒருவருக்கு ஓர் அனுமதி. அதுவும் தாம் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்.

3. தீயணைப்புச் சான்று இல்லாத இடத்துக்கு அனுமதி தரக் கூடாது. ஆண்டுதோறும் நேரில் சோதிக்க வேண்டும்.

4. குடியிருந்தவரை வெளியேற்றிய வீட்டுக்குக் குறிப்பிட்ட காலம் வரை நாள் வாடகை அனுமதி மறுக்கப்பட வேண்டும். 6,500 ரூபாய் என்ற பழைய வரையறையைத் திருத்த வேண்டும்.

5. ஆஸ்பத்திரிகளின் அருகில் ஏழை நோயாளிகளுக்கும் துணைக்கு வருவோருக்கும் அரசே குறைந்த கட்டணத் தங்குமிடங்கள் கட்ட வேண்டும். இலாபம் சம்பாதிக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் பங்கு ஏற்க வேண்டும்.

6. வாடகைக்காரர் விவரம் என்ற பெயரில் பிழைக்க வந்த தொழிலாளரைத் துன்புறுத்தக் கூடாது. தானாவில் கொடுக்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் ரசீது தரவேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் எதுவும் வராது. சங்கத் தோழர்களும் தாய்மார்களும் இந்த மாதமே சில வேலைகளைச் செய்ய வேண்டும். வாடகை ரசீதுகளையும் ஒப்பந்தத்தையும் பத்திரப்படுத்துங்கள். தானாவில் கொடுத்த விவரத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடத்தில் எத்தனை வீடுகள் நாள் வாடகைக்குப் போயின, எத்தனை குடும்பங்கள் வெளியேறின என்று எழுதிக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால், தனியாகக் கையெழுத்துப் போடாமல் முதலில் சங்கத்துக்கு வாருங்கள்.

இன்னொன்று. இது தமிழர் தனியாக நடத்தும் போராட்டம் ஆகாது. அதே மாடிப்படியில் ஏறும் வங்காளிக் குடும்பத்துக்கும் இதே வாடகைதான், இதே பதினோரு மாதம்தான். இவ்வூரார் 'பாடா' என்று பாசத்தோடு சொல்லும் தெரு, காலையில் பால் வாங்குவதிலும் பூஜைக்குச் சந்தா எழுதுவதிலும் சாவு வீட்டுக்குத் தோள் கொடுப்பதிலும் இருக்கிறது. தினம் மாறும் அறைகளால் அதை நடத்த முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கதவைத் தட்டுங்கள். கணக்கெடுப்பில் அவர்கள் பெயரும் சேரட்டும். மனுவில் அவர்கள் கையெழுத்தும் விழட்டும்.

குடியிருப்போர் ஒற்றுமை ஓங்குக!