குளிர்காயும் நெருப்பும் அயலவர் சுவாசமும்

ஈர விறகை அடுப்பில் வைத்து, ஊதி ஊதிக் கண் கலங்கிய அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். குளிர் நாடுகளில் அந்தப் புகை சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. வீட்டைச் சூடாக்க மாலையில் மூட்டும் நெருப்பு விடியும்வரை எரிகிறது. ஊரே அப்படிச் செய்தால் என்ன நடக்கும்?

அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா தீவிலுள்ள லோன்செஸ்டன் நகரைப் பாருங்கள். அது பள்ளத்தாக்கில் அமைந்த ஊர். குளிர்கால இரவுகளில் குளிர்ந்த காற்று கீழே தங்கிவிட, சற்று வெப்பமான காற்று மேலே மூடிபோல நிற்கும். புகை வெளியேற வழியேது? முன்னர் அங்கே 66 வீதமான வீடுகளில் விறகு அடுப்பினாலேயே குளிர்காய்ந்தார்கள். 2001ஆம் ஆண்டு தொடக்கம் அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்து அவற்றை மாற்றத் தூண்டியது. பலர் மின்சாரத்துக்கு மாறினர். விறகு அடுப்புள்ள வீடுகள் 30 வீதமாகக் குறைந்தன. குளிர்காலத்தில் ஒரு கனமீற்றர் காற்றிலிருந்த நுண்துகள்களின் நாளாந்தச் சராசரி 44 மைக்ரோகிராமிலிருந்து 27க்கு இறங்கியது.

2013இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, இம்மாற்றத்துக்கு முன்னரும் பின்னரும் நிகழ்ந்த மரணங்களை ஒப்பிட்டது. ஆண்களின் வருடாந்த மரணங்கள் 11.4 வீதம் குறைந்திருந்தன. பெண்களில் அத்தனை தெளிவான குறைவு தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், இத்திட்டம் நடைபெறாத ஹோபார்ட் நகரில் ஆண்களிடத்திலும் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை.

சரி, அடுப்பை மாற்ற வசதியில்லாதவர் என்ன செய்வது? புகையின் பெரும்பகுதி முழுமையாக எரியாத விறகுதான். விறகைப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, ஓரிரு வருடங்கள் காயவிட வேண்டும். இங்கிலாந்தில் சிறு அளவுகளில் விற்கப்படும் விறகில் ஈரம் 20 வீதத்தை மீறக்கூடாது என 2021 முதல் சட்டமே இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் விறகை அடுக்கி மேலிருந்து பற்றவைக்கும்படி ஆலோசனை கூறுகிறார்கள். அப்போது கீழிருந்து எழும் வாயுக்கள் சுவாலையூடாகச் சென்று எரிந்துவிடும்.

பெரிய தவறு இரவில் நடப்பது. விறகு நீடிக்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை மூடிவிட்டுப் படுக்கிறார்கள். மிச்சப்படுத்துகிறோம் என்ற நினைப்பு! விறகோ கனன்று புகைகிறது. எரிந்து சூடு தரவேண்டியது துகளாக ஊர்மீது படிகிறது. நெருப்பு மூட்டி இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து புகைபோக்கியைப் பார்த்தால் போதும். அப்போதும் புகை தெரிந்தால், விறகில் ஈரம் இருக்கிறது, அல்லது நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை.