கத்தரிக்கோல் மேல ஏன் பழி?

வீட்டுல பான்சாய் வெச்சிருக்கேன்னு வெளிய சொன்னா ரெண்டு விதமான பதில் வரும். ஒண்ணு, "வாஸ்துப்படி ஆகாதுங்க, வீட்டுல எதுவும் வளராது". இதுக்கு நான் பதில் சொல்றதே இல்லை. என் சம்பளம் வளராததுக்கும் அந்தச் செடிக்கும் சம்பந்தம் இல்லைன்னு எனக்கு நல்லாவே தெரியும் :-)

ரெண்டாவது கொஞ்சம் சீரியஸான குற்றச்சாட்டு. "வானம் தொட வேண்டிய மரத்தை வெட்டி வெட்டி, கம்பி கட்டி, தொட்டியில அடைச்சு வெச்சிருக்கியே, பாவமா இல்லையா?"

இந்தக் கேள்வியைக் கிண்டல் பண்ணி ஒதுக்கிட முடியாது. கேக்கறவங்களுக்கு மரத்து மேல நிஜமான அக்கறை இருக்கு. ஆனா அந்த அக்கறை தப்பான இடத்துல போய் நிக்குதுங்கறதுதான் என்னோட கட்சி. கத்தரிக்கோல் இந்த மரத்தைக் கொல்றதில்லை மக்களே. நம்ம ஹால்தான் கொல்லுது.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடுவோம். நர்சரிகள்ல பான்சாய்னு விக்கிறதுல பெரும்பாலும் ஃபைகஸ் மைக்ரோகார்ப்பாதான் இருக்கும். அடியில கிழங்கு மாதிரி உப்பின வேரோட, 'ஜின்செங்'னு பேர் போட்டு வருதே, அதுவும் இதேதான். நிஜ ஜின்செங்குக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூட கிடையாது. கூர் இலையோட கிளை தொங்கிட்டு இருந்தா அது ஃபைகஸ் பெஞ்சமினா. ஆலமரம், அரசமரம், அத்திமரம் எல்லாமே இந்த ஃபைகஸ் பேரினம்தான். அதாவது நம்ம ஊர் ஆலமரத்துக்கு இது பங்காளி.

அந்தப் பங்காளிங்க எப்பேர்ப்பட்ட ஆளுங்கன்னு பாருங்க. அடையாறு பிரம்மஞான சபை தோட்டத்து ஆலமரத்துக்கு சுமார் 450 வயசுன்னு சொல்றாங்க. 1989ல அடிச்ச புயல் காத்துல அதோட தாய்மரம் சாஞ்சுது. விழுதுகள் இன்னமும் நிக்குது. கொல்கத்தா பக்கத்துல ஹவுரா தாவரவியல் பூங்காவுல இருக்கிற பெரிய ஆலமரத்துக்கு பூஞ்சை நோய் வந்து, 1925ல நடுமரத்தையே அறுத்து எடுத்துட்டாங்க. நடுமரம் இல்லாமலே அது இன்னிக்கு வரைக்கும் பரவிட்டுதான் இருக்கு. வெட்டுக்குப் பயப்படற குடும்பம் இல்லை இது.

சரி, தொட்டியில அடைக்கிறது? உங்க தெருவுல ஏதாவது பழைய வீட்டு சன்ஷேடை நிமிர்ந்து பாருங்க. காக்கா போட்ட விதையில முளைச்ச அரசங்கன்னு ஒண்ணு, ஒரு பிடி மண்கூட இல்லாத விரிசல்ல, வருஷக்கணக்கா முழ உயரத்துலயே நிக்கும். கோயில் கோபுரத்துலயும் பார்த்திருப்பீங்க. அதையே பிடுங்கி தரையில நட்டா மரமாயிடும். பான்சாய்ங்கறது குள்ள ஜாதி மரம் இல்லை, மருந்து போட்டு குட்டையாக்கினதும் இல்லை. வேருக்குக் கிடைக்கிற இடத்தையும் கிளை போற தூரத்தையும் ஒரு ஆள் பார்த்துக்கறார், அவ்வளவுதான்.

வெட்டறதுக்கு தமிழ்ல அழகான வார்த்தை இருக்கு. கவாத்து. மல்லிகைக்கு கவாத்து பண்ணாதான் பூ. முருங்கையை வருஷத்துக்கு ஒருதடவை மூணடி உயரத்துல வெட்டி விட்டாதான் மறுபடி தழைஞ்சு காய்க்கும். இதையெல்லாம் விட பெரிய உதாரணம் நீலகிரி, வால்பாறை. தேயிலையை அதன் இஷ்டத்துக்கு விட்டா முப்பதடிக்கு மேல வளர்ற மரம். நாம பார்க்கறது என்னவோ இடுப்பு உயரத்துல பச்சைப் பாய் விரிச்ச மாதிரி. மலை மலையா பான்சாய்! காலையில டீ குடிக்கும்போது யாரும் 'பாவம் மரம்'னு கண் கலங்கறதில்லையே?

கவாத்து எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுட்டா பாதி பயம் போயிடும். ஒவ்வொரு கிளையோட நுனியிலயும் ஆக்சின்னு ஒரு ஹார்மோன் உற்பத்தியாகி கீழ இறங்கும். 'நான் இங்க மேல இருக்கேன், நீங்கல்லாம் சும்மா இருங்க'ன்னு பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். நுனியை வெட்டினா அந்த அதட்டல் நின்னுடும். தூங்கிட்டு இருந்த மொட்டுகள் முழிச்சுக்கும். டீம் லீடு லீவு போட்ட அன்னிக்கு மத்தவங்க எல்லாம் உற்சாகமா ஆணி புடுங்கற மாதிரின்னு வெச்சுக்கங்க :-)

நான் பண்றது இதுதான். ஒரு கிளையில ஆறேழு இலை வர்ற வரைக்கும் கை வைக்கிறதில்லை. வந்ததும் ரெண்டு இலை விட்டு மிச்சத்தை வெட்டிடுவேன். இலைக் காம்பு கிளையோட சேர்ற இடத்துலதான் மொட்டு இருக்கும். அதனால கடைசியா விடற இலை எந்தப் பக்கம் பார்க்குதோ, புதுக்கிளை அந்தப் பக்கம்தான் போகும். வலது பக்கம் கிளை வேணுமா, வலது பக்க இலைக்கு மேல வெட்டணும். மொத்த சூட்சுமமும் இதுக்குள்ள அடங்கிடும். ஒரு கிளை தடிக்கணும்னா மட்டும் அதை வெட்டாம நீளமா ஓட விடணும். இலை அதிகமா இருந்தாதான் கிளை பருக்கும்.

வெட்டினதும் வெள்ளைப் பால் வழியும். ஈரத்துணியால ஒத்தி எடுத்தா கொஞ்ச நேரத்துல நின்னுடும். சிலருக்கு அந்தப் பால் பட்டா தோல் அரிக்கும். பூனை, நாய் இருக்கிற வீடுன்னா வெட்டின துண்டுகளை உடனே பொறுக்கிடுங்க, தின்னா அதுகளுக்கு ஆகாது. கம்பி கட்டினவங்க ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை கண்டிப்பா பார்க்கணும். ஃபைகஸ் வேகமா பருக்கும், கம்பி பட்டைக்குள்ள பதிஞ்சுட்டா தழும்பு லேசுல போகாது.

இனிமேதான் என் முக்கியமான புகார். வெட்டு வாங்கின மரம் திரும்பத் தழைக்கணும்னா அதுக்கு சேமிப்பு வேணும். சேமிப்பு வெளிச்சத்துலேர்ந்துதான் வரணும். இந்த வெளிச்ச விஷயத்துல நம்ம கண் நம்மளை நல்லா ஏமாத்துது. உச்சி வெயில்ல சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம். மரத்தடி நிழல்லயே பல ஆயிரம் இருக்கும். சன்னலை விட்டு தள்ளி டிவி ஸ்டாண்டு பக்கத்துல? பகல்லயே 100லேர்ந்து 500 லக்ஸ் இருந்தா அதிகம். நம்ம கண் பாப்பாவை விரிச்சு சமாளிச்சுக்கும். இலைக்கு அந்த வசதி கிடையாது. நம்பிக்கை இல்லைன்னா மொபைல்ல லக்ஸ் அளக்கிற ஆப் ஒண்ணைப் போட்டு, ஹால்லயும் பால்கனியிலயும் அளந்து பாருங்க. துல்லியமா இருக்காது, ஆனா வித்தியாசம் தூக்கிவாரிப் போடும்.

வெளிச்சம் குறைஞ்சதும் என்ன ஆகும்? கணுவுக்குக் கணு இடைவெளி நீளும். உள்பக்கக் கிளைகள் காயும். மரம் தண்ணி குடிக்கிறது குறையும். நாமோ 'ஐயோ வாடுதே'ன்னு இன்னும் தண்ணி ஊத்துவோம். மண்ணு காயாது, வேர் அழுகும், இலை கொட்டும். கடைசியில பழி யாருக்கு? 'வெட்டினான், செத்துப் போச்சு.'

'இன்டோர் பான்சாய்'ங்கற வார்த்தையே குளிர் நாட்டுக்காரங்க கண்டுபிடிச்சதுதான். ஜனவரியில தண்ணி உறையற ஊர்ல வெப்பமண்டல மரத்தை வெளிய விட்டா செத்துடும். அதனால வேற வழியில்லாம வீட்டுக்குள்ள வைக்கிறாங்க. கோடை வந்தா அவங்களே வெளிய தூக்கி வெச்சுடுவாங்க. சென்னையில மார்கழி ராத்திரி கூட 20 டிகிரிகிட்டதான் இருக்கு. இங்க நான் எதுக்கு இதை ஏசி ரூம்ல அடைச்சு வைக்கணும்? அவங்க கட்டாயத்துக்குப் பண்றதை நாம ஃபேஷனுக்குப் பண்ணிட்டு இருக்கோம்.

வீட்டுக்குள்ளதான் வெச்சாகணும்னா கிழக்கு சன்னல் ஓரமா, கண்ணாடியை ஒட்டி வைங்க. அதுவும் இல்லைன்னா செடிக்கான எல்.இ.டி விளக்கு ஒண்ணை தலைக்கு மேல ஒரு அடி உயரத்துல, தினம் 12 மணி நேரம். இடத்தை அடிக்கடி மாத்தாதீங்க, முக்கியமா பெஞ்சமினா கோவிச்சுக்கிட்டு மொத்த இலையையும் கொட்டிடும். தண்ணிக்கு டைம்டேபிள் போடாதீங்க. விரலை அரை அங்குலம் உள்ள விடுங்க. காஞ்சிருந்தா அடி ஓட்டை வழியா வழியற வரைக்கும் ஊத்துங்க, ஈரமா இருந்தா விட்டுடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை வெயில் காலத்துல தொட்டியை மாத்தி, வேர்ல மூணுல ஒரு பங்கை வெட்டலாம். சலிச்ச செங்கல் துண்டு, பெருமணல், கொஞ்சம் மக்கின எரு கலந்தா தண்ணி தேங்காது. வெறும் செம்மண் இறுகிடும்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பாயிண்ட் கொடுத்துடறேன். பரிசுப் பொருளா விக்கிற பல மரங்களைப் பார்த்தா எனக்கும் பாவமாத்தான் இருக்கு. கூழாங்கல்லை பசை போட்டு ஒட்டி, அடியில ஓட்டையே இல்லாத பீங்கான் கிண்ணத்துல வெச்சுத் தர்றாங்க. எங்க ஆபிஸ் ரிசப்ஷன்ல சன்னலே கிடையாது. அங்க வைக்கிற ஃபைகஸ் மொட்டையானதும் காண்ட்ராக்ட்காரர் வேற ஒண்ணைக் கொண்டு வந்து வைப்பார். அந்த மரங்கள் மேல ஒரு கத்தரிக்கோல் கூட பட்டதில்லை.

இன்னொரு பக்கம், வாஷிங்டன் தேசிய மரப்பூங்காவுல ஒரு வெள்ளைப் பைன் பான்சாய் இருக்கு. 1625லேர்ந்து தொட்டியில வளர்ற மரம். 1945ல ஹிரோஷிமாவுல அணுகுண்டு விழுந்தப்போ, ரெண்டு மைல் தள்ளி யமாகி குடும்பத்து வீட்டுல இருந்தது. தப்பிச்சு, 1976ல அமெரிக்காவுக்குப் பரிசா போச்சு. ஏறத்தாழ நானூறு வருஷமா தலைமுறை தலைமுறையா வெட்டிக்கிட்டேதான் இருக்காங்க. வெட்டறவன் தினமும் அதைப் பார்க்கறான், மண்ணைத் தொடறான், பூச்சி வந்தா அன்னிக்கே கண்டுபிடிக்கறான். வெட்டாம சும்மா 'வெச்சிருக்கிறவன்' அது காஞ்ச பிறகுதான் திரும்பிப் பார்க்கறான்.

அதனால அடுத்த தடவை யார் வீட்டுலயாவது பான்சாயைப் பார்த்தா 'ஏன் வெட்டறீங்க'ன்னு கேக்காதீங்க. 'எங்க வெக்கறீங்க'ன்னு கேளுங்க. டிவி மேலன்னு பதில் வந்தா, அப்ப தாராளமா சண்டை போடுங்க, நானும் கூட வரேன்.

சன்னல் இல்லாத வீடுன்னா வாங்கவே வாங்காதீங்க. யாராவது பரிசா கொடுத்துட்டா மொட்டை மாடிக்காவது கொண்டு போயிடுங்க. முதல் ரெண்டு வாரம் நிழல்ல வெச்சு, அப்புறம் மெதுவா வெயிலுக்குப் பழக்குங்க.

சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா?