முட்டையை ராத்திரியே அவித்து வையுங்கள்

பாலராமபுரம் சந்திப்பில் காலை ஏழரை மணிக்கு எந்த பேக்கரிக்கு முன்னால் நின்றாலும் முட்டை பஃப்ஸ் தட்டு தட்டாகக் காலியாவதைப் பார்க்கலாம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். மீதிப்பேர் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற என்னைப் போன்ற பெண்கள். நாலைந்து அடுக்கு மைதா, நெய் என்ற பெயரில் வனஸ்பதி, நடுவில் பாதி முட்டை. பேக்கரிக்காரர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர் கடை திறக்காவிட்டால் அந்தப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பஸ் ஏறும். ஆனால் பாதி முட்டைக்காக அவ்வளவு மைதாவைத் தின்ன வேண்டிய நிலைமையில் நம் வீடுகள் இருக்கின்றன என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சாலை பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்றால் காலை முதல் இரவு வரை உண்மையிலேயே நிற்கிற வேலை. கூட நிற்கிறவர்கள் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் என்று பல ஊர்க்காரிகள். பதினொரு மணி வாக்கில் ஒருத்தி முகம் வெளுத்து ஸ்டூலைத் தேடினால், "காப்பி குடிச்சியா?" என்றுதான் முதலில் கேட்போம். "எங்க நேரம்?" என்பாள். நாலரைக்கு எழுந்து மூன்று பேருக்குச் சோறு கட்டி, மாமியாருக்கு மருந்து எடுத்து வைத்து, ரயிலைப் பிடித்து வந்தவள்தான் இப்படிச் சொல்கிறாள். வீட்டில் இட்லியும் புட்டும் இருந்திருக்கும். உட்கார்ந்து தின்ன நேரம் இருந்திருக்காது.

இதற்கு நான் கண்ட வழி ஒன்றே ஒன்று. காலை முட்டையை ராத்திரி வேலையாக்கிவிட வேண்டும். அந்த ராத்திரி வேலையும் ஒருத்தி தலையிலேயே விழக் கூடாது.

ஏன் முட்டை? நம் காலைச் சாப்பாட்டைப் பாருங்கள். புட்டு, இடியப்பம், ஆப்பம், தோசை எல்லாமே அரிசி. பரோட்டா என்றால் மைதா. நீரிழிவு கேரளத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு மாத்திரை டப்பா இருக்கிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. இரண்டு சாப்பிட்டால் மத்தியானம் வரை வயிறு தாங்கும், கை நடுங்காது. கடலைக்கறியும் பயறும் இதே வேலையைச் செய்யும் என்றாலும் அவற்றை ஊறப்போட வேண்டும், வேகவைக்க வேண்டும். முட்டை பத்து நிமிடத்தில் வேகும். நாமக்கல்லிலிருந்து லாரி ஏறி வரும் முட்டை, கறியையும் மீனையும் விட மலிவு. பக்கத்து வீட்டில் கிராமஸ்ரீ கோழி வளர்த்தால் இன்னும் நல்லது. ஓடு பழுப்பாக இருப்பதால் மட்டும் சத்து கூடிவிடாது, அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

மஞ்சள் கருவைத் தூக்கி எறிகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வைட்டமின் ஏ, டி, கோலின் எல்லாம் அந்த மஞ்சளில்தான் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற கணக்கை அமெரிக்கர்களே தங்கள் 2015–2020 உணவு வழிகாட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சர்க்கரையோ இதய நோயோ இருக்கிறவர்கள் எத்தனை முட்டை என்று தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்து மஞ்சளை எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இனி எதிர்ப்புக்கு வருகிறேன். என் வீட்டிலேயே எழுந்த எதிர்ப்புதான். "நேத்து அவிச்ச முட்டையவா பிள்ளைக்குக் குடுக்க, மக்களே?" என்று மாமியார் கேட்டார். "அத்தே, நேத்து வச்ச கஞ்சியத்தானே இத்தன காலமும் குடிச்சிய?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, ராட்டையைச் சுற்றத் தொடங்கிவிட்டார்.

பாலராமபுரத்தில் எங்கள் தெருக்களின் கதையை அறிந்தவர்களுக்கு என் பதில் புரியும். அவிட்டம் திருநாள் பலராமவர்மா ஆண்ட காலத்தில் (1798–1810) தெற்கேயிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவுக் குடும்பங்களின் தெருக்கள் இவை. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு. வெயில் ஏறுவதற்கு முன்னால் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியும் தேங்காயெண்ணெயும் தடவி, இழை இழையாக வாரிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாவு கெட்டுப்போகும். ஆகவே இங்கே காலை என்பது எந்தக் காலத்திலும் அவசரமான நேரம்தான். அந்த அவசரத்துக்காகவே முந்தின இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். பழங்கஞ்சியைக் காந்தாரி மிளகோடு குடித்துவிட்டுப் பாவுக்கு ஓடினார்கள். முன்கூட்டிச் செய்து வைப்பது சோம்பேறிகளின் பழக்கம் என்று சொல்கிறவர்கள் தங்கள் பாட்டி என்ன செய்தாள் என்று யோசிக்கட்டும். அந்தக் கஞ்சியில் போதாமல் போனது புரதம்.

இப்போது அடுப்படிக்குப் போவோம். நான் செய்வதில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இட்லித் தட்டில் வேகவைக்கும் முட்டை. ஆறு முட்டைக்கு இரண்டு பிடி முருங்கைக்கீரை, பத்துப் பன்னிரண்டு சின்ன உள்ளி, ஒரு சிறிய கேரட், இரண்டு பச்சை மிளகாய், இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல். கீரையையும் உள்ளியையும் கேரட்டையும் முதலில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, ஈரம் போகும்வரை விட வேண்டும். பச்சையாகப் போட்டால் மறுநாள் பெட்டியைத் திறக்கும்போது அடியில் தண்ணீர் நிற்கும், முட்டை சவசவவென்றிருக்கும். வதக்கியது ஆறிய பிறகு முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகுத்தூளும் போட்டுக் கலக்க வேண்டும். நுரை வருமளவு அடிக்க வேண்டாம். குழிகளில் தேங்காயெண்ணெய் தாராளமாகத் தடவி முக்கால் குழி ஊற்றினால் ஏழெட்டு வரும். தண்ணீர் கொதித்த பிறகு தட்டை உள்ளே வைத்துத் தீயைக் குறைத்துவிட வேண்டும். தீ கூடினால் பூரி மாதிரி உப்பிவிட்டு, மூடியைத் திறந்ததும் அமுங்கிப்போய் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். சிறுதீயில் பத்து நிமிடம். ஈர்க்குச்சியால் குத்தினால் ஈரமில்லாமல் வர வேண்டும், நடு நன்றாக வெந்திருக்க வேண்டும். ஆவி அடங்கியதும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மூன்று நாள் வரை தைரியமாகச் சாப்பிடலாம். காலையில் இரண்டாகப் பிளந்து தோசைக் கல்லில் சூடேற நன்றாகப் புரட்டி எடுத்தால், ஒரு தோசைக்குள் வைத்துச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடலாம். ஓடுகிற பிள்ளை ஓடிக்கொண்டே தின்னும்.

வெறும் அவித்த முட்டை அதைவிடச் சுலபம். ஆனால் அதிலும் சில விஷயங்கள் உண்டு. தண்ணீர் கொதித்த பிறகு கரண்டியால் முட்டையை மெல்ல இறக்க வேண்டும், அப்படிச் செய்தால் தோடு லேசாக உரியும். பத்துப் பதினொரு நிமிடத்தில் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். அதற்கு மேல் கொதிக்கவிட்டால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். மஞ்சளில் உள்ள இரும்பும் வெள்ளையில் உள்ள கந்தகமும் சேர்வதால் வருவது அது, கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளைகள் ஒதுக்கிவிடும். இன்றைக்கு இட்ட முட்டையை இன்றைக்கே அவித்தால் தோட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும், நாலைந்து நாள் ஆன முட்டைதான் நன்றாக உரியும். உரிக்காமல் தோட்டோடேயே ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். காலையில் உரித்து, கீறி, தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகும் போட்டுப் புரட்டினால் முடிந்தது. மைக்ரோவேவில் முழு முட்டையை வைக்காதீர்கள், வெடித்து முகத்தில் தெறிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சவாளா, இஞ்சி, பூண்டு, தக்காளி போட்டு முட்டை ரோஸ்டுக்கான மசாலாவை மட்டும் நன்றாகச் சுருள வதக்கி வைத்துக்கொண்டால் புதன்கிழமை வரை ஆப்பத்துக்கும் இடியப்பத்துக்கும் கவலை இல்லை. அவித்த முட்டையை அதில் போட்டுச் சூடாக்கினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் மாமியாரின் பயம் நியாயமானது. சமைத்த முட்டையை நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. ராத்திரி அவித்து மேசைமேல் வைத்துவிட்டுக் காலையில் தின்பது ஆபத்து. ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லாமல் போயிருந்தால் ஃபிரிட்ஜில் வைத்த முட்டையையும் கணக்குப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு, அவர்களுக்கு நான் சொல்வது வேறு. உள்ளியையும் மிளகாயையும் ராத்திரியே நறுக்கி மூடி வையுங்கள், கீரையை உருவி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். முட்டையை மட்டும் காலையில் உடையுங்கள். வேலையில் முக்கால் பங்கு முடிந்துபோயிருக்கும்.

யார் இதைச் செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படுகிற சமையல் குறிப்புகள் எல்லாம் பெண்ணின் தூக்கத்திலிருந்து இன்னொரு அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. காலை வேலையை ராத்திரிக்கு மாற்றுவதால் மட்டும் அவளுக்கு ஒரு சுகமும் வந்துவிடாது. எங்கள் வீட்டில் முட்டை அவிப்பது என் கணவர். பகல் முழுக்கக் குழித்தறியில் கால் மிதித்துக் கைகளால் அரையங்குலக் கசவுக்கரையை மயிரிழை பிசகாமல் நெய்கிறவருக்கு, பத்து நிமிடம் கடிகாரம் பார்த்து முட்டையை எடுப்பது பெரிய காரியமே இல்லை. ராத்திரிச் செய்தி ஓடும்போது அவர் அடுப்பில் தண்ணீர் வைப்பார். பிளஸ் டூ படிக்கிற மகன் கீரை உருவுவான். மகளுக்கு டப்பா அடுக்குகிற வேலை. நான் கடையிலிருந்து வந்து சேரும்போது அநேகமாக எல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போயிருக்கும். "ஆம்பிளைய அடுப்புல நிறுத்திட்டாளே" என்று தெருவில் ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். சொல்லட்டும். மிஷின்துணி வந்த பிறகு தறிக்கூலியை மட்டும் நம்பி இந்தத் தெருவில் எந்த வீடும் நிற்கவில்லை. பெண்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் டெக்னோபார்க் துப்புரவுக்கும் போவதால்தான் நிற்கிறது. சம்பாத்தியத்தைப் பங்கு போட்டுக்கொண்ட வீடு அடுப்பையும் பங்கு போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டோடு விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சத்துணவோடு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. 2022இல் தொடங்கி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் உண்டு, அதில் முட்டை இல்லை என்றாலும் வயிறு காயாது. பாறசாலைக்கு இந்தப் பக்கம் நம் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு முட்டை. அந்த ஒரு முட்டைக்கும் இரண்டு நாள் பாலுக்கும் ஆகிற காசு சமயத்துக்கு வராமல், தலைமையாசிரியர்கள் கைக்காசைப் போட்டு நடத்தி 2023இல் ஹைகோர்ட் வரை போனார்கள். கேரளத்துக்கு மனசு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று ஒரு அங்கன்வாடிக் குழந்தை கேட்டதைக் காது கொடுத்துக் கேட்டு, 2025இல் அங்கன்வாடிப் பட்டியலில் முட்டை பிரியாணியைச் சேர்த்த அரசு இது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறி யூனிஃபார்ம் கொடுத்து, 2017 முதல் எங்களைப் போன்ற நெசவுக் குடும்பங்களுக்கும் வேலை தந்த மாநிலம் இது. அதே பிள்ளைகள் காலையில் என்ன தின்றுவிட்டு வருகிறார்கள் என்று கேட்பதுதான் பாக்கி.

காலையில் அவித்த முட்டை ஒன்றும் ஒரு பழமும் பள்ளியில் கொடுக்கப் பஞ்சாயத்துக்குப் பெரிய சமையலறை வேண்டாம். குடும்பஸ்ரீப் பெண்கள் நாலு பேரும் ஒரு பெரிய பாத்திரமும் போதும், அவர்களுக்கு ஒழுங்கான கூலியும் கொடுக்க வேண்டும். முட்டை தின்னாத பிள்ளைக்கு இன்னொரு நேந்திரம்பழம். எங்கள் வார்டு கிராம சபை அடுத்து கூடும்போது இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன். நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வார்டிலும் கொடுங்கள்.